கறிக்கு ஆடு, பாலுக்கு மாடு

பெங்களூரின் லிங்கராஜபுரத்தை ஊடறுத்துப் போகும் ஹென்னூர் சாலையில் வடக்கே போனால், ஹென்னூரைத் தாண்டிக் கொத்தனூர் வருகிறது. அங்கே குவால்பர்ட் பவன் என்ற மடத்தில் வல்லம்புரோசா சபைத் துறவிகள் சீஸ் செய்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகே உள்ள மலைக்காட்டில் புனித ஜான் குவால்பர்ட் தொடங்கிய சபை அது. அந்தச் சபையின் இந்தியத் துறவிகள் இத்தாலியில் கற்றுவந்த தொழிலைப் பெங்களூரில் ஊன்றி, நகரத்தின் இத்தாலிய உணவகங்களுக்கு மொசரெல்லாவும் ரிக்கோட்டாவும் மஸ்கர்ப்போனேவும் கொடுத்துவருகிறார்கள். குக் டவுன், ஃப்ரேசர் டவுன், கம்மனஹள்ளி என்று லிங்கராஜபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று சீஸ் புதுப்பொருள் இல்லை. அமுல் டின்னோடு நின்றிருந்த காலம் போய்விட்டது.

ஆனாலும் ஐரோப்பாவின் இரண்டு பெரும் மரபுகள் இந்தத் தெருக்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஒன்று, வெள்ளாட்டுப் பாலில் செய்யும் சிறிய சீஸ். மற்றொன்று, ஆல்ப்ஸ் மலையின் பெரிய சக்கர சீஸ். கிடைக்கும் கொஞ்சமும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. விலை, மாதச் சம்பளக்காரர் கை வைக்கத் தயங்கும் அளவில் இருக்கிறது. உலகிலேயே அதிகமாக வெள்ளாட்டுப் பால் கறக்கும் நாட்டில் ஏன் இப்படி? நீலகிரி, கொடைக்கானல், மூணாறு என்று குளிர்ந்த புல்மலைகள் உள்ள தெற்கில் மலைச் சீஸ் ஏன் பிறக்கவில்லை? இனியாவது பிறக்குமா? ‘நம் வெயிலுக்கு அது சரிப்படாது’ என்ற ஒற்றை வரியில் பலரும் இந்தக் கேள்விகளை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

முதலில் வெள்ளாட்டுச் சீஸ். அதன் தலைவாசல் பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பகுதி. சேன்ட் மோர், வலான்சே, செல் சுர் ஷேர், புலீனி சேன் பியேர், ஷவிஞோலின் குரோத்தன் என ஊருக்கு ஒரு வடிவம். சேன்ட் மோர் நீள உருளை. நடுவில் ஒரு வைக்கோல் தாள் ஓடும். வலான்சே உச்சி வெட்டிய பிரமிடு. குரோத்தன் உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லை. தெற்கே புரோவான்ஸில் பனோன் என்ற சீஸைக் கஷ்கொட்டை இலையில் பொதிந்து கட்டுகிறார்கள். 1972இல் புலீனி சேன் பியேரில் தொடங்கி ஒவ்வொன்றாக இவற்றின் பெயர்களுக்குச் சட்டக் காப்பு கிடைத்தது. அந்த வட்டாரத்துக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது.

செய்முறை, நம் வீட்டில் தயிர் தோய்ப்பதற்கு மிக அருகில் இருக்கிறது. பாலை 20, 22 டிகிரி வெப்பத்தில் வைத்து, கொஞ்சம் உறையும், மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதி சில சொட்டும் விட்டு ஒரு நாள் அசையாமல் விடுவார்கள். வேலையின் பெரும்பங்கைப் புளிப்பே செய்துமுடிக்கும்; ரென்னெட் கைகொடுக்கும், அவ்வளவுதான். உறைந்ததை உடைக்காமல் கரண்டியால் அள்ளி, துளையிட்ட அச்சுகளில் நிரப்பி, தெளிநீர் தானாக வடிய விடுவார்கள். பிறகு உப்பு. சிலவற்றுக்கு மரக்கரித் தூள். அந்தக் கரி அழகுக்காகப் பூசுவது மட்டுமில்லை. சீஸின் மேற்பரப்பில் உள்ள புளிப்பை அது தணிக்கிறது. அதனால் நல்ல பூஞ்சை சீக்கிரம் பிடித்துத் தோலாகச் சுருங்குகிறது. பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில், ஈரக்காற்றில், சில வாரங்களில் தின்னத் தயாராகிவிடும். 250 கிராம் உருளை ஒன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பால் போதும். எளிய மனிதரின் வீட்டுச் சீஸ் இது. செப்பு அண்டா வேண்டாம், சங்கம் வேண்டாம். நாலைந்து ஆடும் ஒரு குளிர்ந்த அறையும் இருந்தால் ஒரு குடும்பம் செய்துகொள்ளும்.

ஆல்ப்ஸ் சீஸ் நேர் எதிர். குருயேர் சக்கரம் ஒன்று 25 முதல் 40 கிலோ எடை. 35 கிலோ சக்கரத்துக்கு 400 லிட்டர் பால் வேண்டும். எமென்டால் அதையும் விடப் பெரிது. உறைந்த பாலைக் கோதுமை மணியளவுக்கு அறுத்து, செப்பு அண்டாவிலேயே 50 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மணிகளில் உள்ள நீரைப் பிழிந்தெடுத்து, அழுத்தி, உப்புநீரால் துடைத்துத் துடைத்து மாதக்கணக்கில் மரப்பலகையில் அடுக்கிவைக்கிறார்கள். இந்த வழிமுறை முழுவதற்கும் ஒரே காரணம் பனி. ஆண்டில் பாதி நாள் மலை மூடிக்கிடக்கும். கோடையில் உச்சிப் புல்வெளிக்கு ஏறிய மாடுகள் கறக்கும் பாலை அடுத்த கோடை வரை வைத்துக்கொள்ள வேண்டும். செங்குத்துப் பாதையில் கீழே இறக்கவும் வேண்டும். நீர் குறைந்த, பெரிய, கெட்டித் தோலுள்ள சக்கரம் அதற்கு விடை. மேலே உப்பைச் சுமந்து போவதும் சிரமம், ஆகவே இந்தச் சீஸ்களில் உப்பும் மட்டாகவே இருக்கும். சுவிட்சர்லாந்தின் லெத்திவா கிராமத்தைச் சுற்றி எழுபது சொச்சம் குடும்பங்கள் இன்றும் மே 10 முதல் அக்டோபர் 10 வரை மட்டும், மலைக்குடிலில், விறகடுப்பில் இதைச் செய்கின்றன. சுவிஸ் மலைமேய்ச்சல் பருவ வாழ்க்கையை யுனெஸ்கோ 2023இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 400 லிட்டர் ஒரு வீட்டில் சேராது. ஆல்ப்ஸை ஒட்டிய ஜூரா மலையில் கோன்தே என்ற சக்கர சீஸைச் செய்யும் கிராமங்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே பாலை ஒன்றாகச் சேர்த்து, கூட்டாகச் சீஸ் செய்து, பங்கு பிரித்துக்கொண்டதற்கு ஆவணம் இருக்கிறது. ‘ஃப்ருயித்தியேர்’ என்ற அந்தக் கூட்டுறவுகள் இன்றும் நடக்கின்றன. மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும் மட்டும்தான். புளிக்கவைத்த பசுந்தீவனமான ஊறல் தீவனத்துக்குத் தடை. காரணம் ஆசாரமில்லை. ஊறல் தீவனத்தோடு வரும் ஒருவகை நுண்ணுயிர், மாதங்கள் கழித்துச் சக்கரத்தை உள்ளிருந்து ஊதி வெடிக்கவைக்கும். ஒரு வீட்டின் கவனக்குறைவு ஊரார் அனைவரின் சக்கரத்தையும் கெடுத்துவிடும் என்பதால் ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். தமிழ் இடையர் பாலை என்ன செய்தார்கள் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையே சான்று. விடியலில் தயிர் கடையும் ஆய்மகள் மோரை விற்று உணவுப்பொருள் வாங்குகிறாள். நெய்க்குப் பொன் வாங்காமல் எருமையும் பசுவும் வாங்கிக்கொள்கிறாள். இதற்குள் ஒரு முழுப் பொருளாதாரமே இருக்கிறது. அன்றன்று கெடக்கூடிய மோர் அன்றன்று தானியமாகிவிடுகிறது. கெடாமல் நிற்கக்கூடிய கொழுப்பு நெய்யாகி, நெய் மறுபடி மாடாகிறது. வெயில் நாட்டில் பாலைச் சேமிக்க நெய்யை விஞ்சிய வழி எதுவும் இல்லை. புரதம் நாட்பட நிற்க வேண்டுமானால் குளிர் வேண்டும். கொழுப்பு நிற்க அடுப்பு போதும். ஆகவே தமிழருக்குச் சீஸ் தெரியாமல் போனது குறைபாடு என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

‘அப்படியானால் வெயில்தானே காரணம்?’ என்று கேட்கலாம். இங்கேதான் நீலகிரி குறுக்கே வருகிறது. 2,000 மீட்டருக்கு மேலே, சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலையில், எருமையை மையமாக வைத்தே வாழ்ந்தவர்கள் தோடர்கள். பால்மனையே அவர்களுக்குக் கோயில். கறப்பதும் கடைவதும் பூசாரியின் சடங்கு. 1906இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் எழுதிய ‘தோடர்கள்’ நூல் அந்தச் சடங்குகளை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. குளிர் இருந்தது, புல் இருந்தது, கொழுப்பு மிகுந்த எருமைப்பால் இருந்தது, பாலைத் தெய்வமாக மதிக்கும் கைகளும் இருந்தன. ஆனாலும் அவர்களிடம் இருந்தது மோரும் வெண்ணெயும் நெய்யும்தான். முதிர்ந்த சீஸ் இல்லை.

ஏன்? நீலகிரியில் உறைபனி விழும். ஆனால் மாதக்கணக்கில் மலையை மூடும் பனி இல்லை. வறண்ட மாதங்களில் எருமைகளை வேறு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகலாம். பால் ஆண்டு முழுவதும் கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே படகர்கள் தானியம் விளைவித்தார்கள், கோத்தர்கள் சட்டியும் இரும்பும் செய்தார்கள். நெய்யைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கன்றின் இரைப்பையை எடுத்துப் பாலில் போடுவது என்ற நினைப்பே அவர்கள் பால்மனையில் நுழைய முடியாதது. குளிர் மட்டும் சீஸைப் பிறப்பிப்பதில்லை. குளிரோடு பஞ்சமும் தனிமையும் சேர வேண்டும். இமயத்தில் அவை சேர்ந்தன. அதனால் சமவெளி பன்னீரோடு நின்றிருக்க, ஜம்மு மலையின் குஜ்ஜர் இடையரிடம் களாடியும் கிழக்கு இமயத்தில் கல்போல இறுகிய சுர்பியும் உண்டு.

சுவிஸ் கைகள் நேரடியாக வந்து முயன்ற கதைகளும் இருக்கின்றன. நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் 1950களின் தொடக்கத்தில் வெர்னர் ஷுல்தெஸ் என்ற சுவிஸ்காரர் யாக் இனப் பாலில் குருயேர் முறைப்படி சீஸ் செய்யக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சீஸ் இன்றும் காத்மாண்டுவில் விற்கிறது. பூட்டானின் பும்தாங்கிலும் வங்கத்தின் காலிம்போங்கிலும் சுவிஸ்காரர்கள் தொடங்கிவைத்த சீஸ் நிலைத்தது. இவை எல்லாம் இமய மலைப்பகுதிகள். தெற்கில் நடந்தது வேறு. 1963இல் மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. ஆல்ப்ஸின் பழுப்பு மாட்டு இனத்தைக் கேரளத்து மாடுகளோடு கலந்து சுனந்தினி என்ற இனம் உருவானது. ஆல்ப்ஸ் மாட்டின் ரத்தம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் திட்டத்தின் கண் கறவை அளவின்மேல் இருந்தது. அண்டாவும் நிலவறையும் கூட வரவில்லை. பால் டீக்கடைக்குப் போனது. பால் பற்றாக்குறையில் தவித்த மாநிலத்துக்கு அதுதான் தேவையாகவும் இருந்தது.

பிறகு வந்தவை தனி மனிதர்களின் முயற்சிகள். ஆரோவில்லின் லா ஃபெர்ம், சவாய் மலையின் ரெப்லோஷோனை நினைவில் வைத்து ஆரோப்லோஷோன் என்றொரு சீஸ் செய்கிறது. குன்னூரில் திரைப்பட இயக்குநர் மன்சூர் கான் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணையில் சீஸ் செய்கிறார். சென்னையில் 2016இல் தொடங்கிய கேஸே, செவித்திறன் குறைந்த பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துச் சீஸ் செய்கிறது. பெங்களூரிலேயே பேகம் விக்டோரியா போன்ற சிறு கூடங்கள் வந்துவிட்டன. இவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஏறக்குறைய எல்லாருக்கும் அடிப்படை பசும்பால். வெள்ளாடு ஓரத்தில்தான் நிற்கிறது.

வெள்ளாட்டுப் பாலைப் பெங்களூருக்கு நினைவூட்ட ஒரு மனிதர் போதும். 1927இல் உடல்நலம் குன்றிய காந்தி, நந்தி மலையில் ஓய்வெடுத்துவிட்டுப் பெங்களூரில் தங்கினார். அப்போது ஆடுகோடியில் இருந்த இம்பீரியல் கால்நடை, பால்வள நிறுவனத்துக்கு மதன் மோகன் மாளவியாவோடு போய் மாடு வளர்ப்பையும் பால்பண்ணை முறையையும் மாணவரைப்போலக் கற்றார். அது 1923இல் தொடங்கிய நிறுவனம். இன்று தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம். பசுவின் பொருளாதாரத்தைக் கற்க வந்தவர் குடித்ததோ ஆட்டுப்பால். பசுவையும் எருமையையும் மனத்தில் வைத்துப் பாலை விட்டுவிடுவதாகச் செய்திருந்த சபதத்தில் ஆடு அடங்காது என்று கஸ்தூர்பா எடுத்துச் சொன்னதால் நோயின் நடுவே அவர் ஏற்றுக்கொண்ட பால் அது. அப்போதும் அது மருந்து. இப்போதும் மருந்தாகவே இருக்கிறது. டெங்கு பரவும் மாதங்களில் நகரங்களில் ஆட்டுப்பாலுக்கு அலைகிறார்கள். ரத்தத்தட்டுகளை அது கூட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவச் சான்று இல்லை, ஆனாலும் விலை ஏறுகிறது. மற்ற மாதங்களில் யாரும் கேட்பதில்லை. மருந்தாக மட்டும் விற்கும் பொருளை நம்பி யாரும் ஒரு தொழிலை எழுப்ப முடியாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 14.9 கோடி வெள்ளாடுகள். தமிழ்நாட்டில் 98 லட்சத்துக்கு மேல், கர்நாடகத்தில் 61 லட்சத்துக்கு மேல். ஆனால் நாட்டின் மொத்தப் பாலில் வெள்ளாட்டின் பங்கு ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அதிலும் பெரும்பகுதி வடக்கே ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கறப்பது. தெற்கே கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் கறிக்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்த இனங்கள். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்தில் நந்திதுர்கா என்று ஓர் இனம் உண்டு; அதுவும் கறிக்கே. தாய் கறக்கும் பால் குட்டிக்குப் போதும் என்ற அளவோடு நிற்கும். மலபாரின் தலைச்சேரி ஆடு கொஞ்சம் தாராளம். நாளுக்கு ஒரு லிட்டர் கறந்தால் நல்ல ஆடு. சுவிஸ் பிறப்பான சானென் ஆடு மூன்று லிட்டர் கறக்கும். ஆனால் அந்த வெள்ளைத்தோல் ஆடு நம் வெயிலிலும் உண்ணியிலும் படும் பாட்டைப் பார்த்தால் அதை இறக்குமதி செய்யும் ஆசை போய்விடும்.

அடுத்த தடை, வாடை. ‘ஆட்டுப்பால் கவிச்சி அடிக்கும்’ என்பது நம் வீடுகளின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் இந்தப் பாலில் கூடுதல்; கறந்த பால் வெப்பத்தில் கிடந்து கொழுப்பு சிதைந்தால் அவை மூக்கைத் துளைக்கும். கிடாயைத் தாயாடுகளோடு ஒரே பட்டியில் அடைத்தால் கிடா வாடையும் ஏறும். கறந்த உடனே குளிரவைத்து, கிடாயைத் தள்ளி வைத்தால், பால் வெள்ளைவெளேரென்று மென்மையாக இருக்கும். லுவார் சீஸ்கள் அந்த அமிலங்களை ஒழிப்பதில்லை. பழக்கி, மெல்லிய காரமாக்கி வைத்துக்கொள்கின்றன. ஆட்டுக்கறிக் குழம்பின் மணத்தைக் கொண்டாடும் நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசத்துக்கு இடமே கிடையாது. புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் வெள்ளாட்டிலிருந்து மனிதருக்குப் பச்சைப்பால் வழியாக வரும். இந்தியாவில் அது பரவலாக இருக்கும் நோய். பிரான்ஸில் பச்சைப்பால் சீஸை நம்பித் தின்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் பல தலைமுறைக் கால்நடை மருத்துவக் கண்காணிப்பு இருக்கிறது. அது இங்கே வரும் வரை பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்கித்தான் செய்ய வேண்டும். சுவையில் ஒரு படி இறங்கும், இறங்கட்டும்.

ரென்னெட்டில்தான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன. நம் உணவுப் பாதுகாப்பு விதி சீஸை வரையறுக்கும்போதே விலங்கு சாராத ரென்னெட் என்றுதான் சொல்கிறது. குருயேருக்கும் கோன்தேக்கும் கன்றின் ரென்னெட்டே விதி. பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் போட்டு ஓராண்டு முதிரவைத்தால் கசப்பு தட்டும் ஆபத்து உண்டு. ரென்னெட்டின் முதன்மை நொதியான கைமோசினை நொதித்தல் முறையில் உண்டாக்கிப் போட்டால் அது அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது, ஆனால் விலை கூடும். வெள்ளாட்டுச் சீஸுக்கோ சில சொட்டுகள் போதும். ஒரு மாதத்தில் தின்றுவிடப்போகிற பொருளில் கசப்பு சேர நேரமில்லை.

குளிர் அறையின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு சக்கரத்தை ஓராண்டு 12, 14 டிகிரியில், ஈரம் வற்றாமல் வைப்பதென்றால் பெங்களூரில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் மின்சாரம் வேண்டும். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர் மூன்று வாரம் முதிரும் சிறு வில்லைக்கு அவ்வளவு கொடுமை செய்யாது. டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குகின்றன. பால் உறைய வேண்டிய 20, 22 டிகிரி, மார்கழி, தை மாதங்களில் லிங்கராஜபுரத்து அடுக்களையில் ஏறக்குறையத் தானாகவே கிடைக்கிறது.

ஆக, என் முடிவு இது. ஆல்ப்ஸ் சீஸ் தெற்கில் வேரூன்ற வேண்டுமானால் அதைத் தனிமனிதக் கைவினையாக நினைப்பதை விட வேண்டும். 400 லிட்டர், ஒழுங்கான தீவனம், ஓராண்டு முதலீட்டை முடக்கிக் காத்திருக்கும் பொறுமை என்ற மூன்றும் சங்கத்தால் மட்டுமே முடியும். சங்கம் நடத்த நமக்குத் தெரியாததில்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பு நாளொன்றுக்கு 80 லட்சம் லிட்டருக்கு மேல் பால் சேர்க்கிறது. குன்னூர், குடகு போன்ற உயரமான இடத்தில் ஒரே ஒரு சங்கத்தின் ஒரு வேளைப் பாலை, சொந்த ஊர்ப் பெயரில், சக்கரமாக்கிப் பார்க்கும் துணிவுதான் வேண்டும். அது நடக்கப் பல ஆண்டு ஆகலாம்.

வெள்ளாட்டுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பிரான்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். அங்கே பால்தான் செல்வம்; குட்டியைப் பிறந்த சில நாளில் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள், கிடாக்குட்டி மலிவு விலைக்குப் போகிறது. இங்கே குட்டிதான் செல்வம். ஆட்டிடையர்களான கீதாரியிடமும் குருபரிடமும் போய், குட்டியின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கிக் கொடு என்று கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. மூன்று மாதத்தில் குட்டி பால் மறந்தபின் தாயின் மடியில் மிஞ்சுவதே சீஸுக்கான பால். இருபது ஆடு, ஆட்டுக்கு அரை லிட்டர் என்றாலும் நாளுக்கு 10 லிட்டர்; ஐந்து உருளை. மழை முடிந்து புல் தழைத்திருக்கும் மாதங்களில் மட்டும், கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்துக் கிடைகளிலிருந்து அன்றன்று குளிரவைத்து எடுத்துவர வேண்டும். கிடை மாதாமாதம் இடம் மாறும் என்பதால், பால் எடுக்கும் வண்டிதான் கிடையைத் தேடிப் போக வேண்டும். விலையைப் பேசும்போது நகரத்து ஆட்டுப்பால் விலையை அளவாக வைக்கக் கூடாது. பால் கறப்பதால் தாய் இளைத்து, அடுத்த சினை பிடிக்கத் தாமதமானால் ஒரு குட்டியின் விலையே போய்விடும். அந்த இழப்பையும் கறவைக்காலத் தீவனச் செலவையும் ஈடுகட்டும் தொகையில்தான் பேச்சு தொடங்க வேண்டும்.